பிரேக் பேடு மாற்ற வழி விடுங்கள்: கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காரை நாங்களே பழுது பார்க்க சர்வீஸ் மேனுவலும், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் மென்பொருளும் வேண்டும். இனாமாகக் கேட்கவில்லை, நியாயமான விலைக்குக் கொடுங்கள். 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் கருவிகளையும் வெளியில் கிடைக்கச் செய்யும்படி உங்களில் 14 நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. சமீபத்தில் என் வீட்டு வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பின் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. சக்கரத்தோடு சுழலும் வட்டை அழுத்தி நிறுத்தும் பேடு தேய்ந்துவிட்டது. பழைய காரில் இந்த வேலையை வருஷக்கணக்காக நானே செய்து வந்தவன். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுவேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டை எடுத்து, பேடை நெருக்கும் பிஸ்டனை சி-கிளாம்ப் என்ற இறுக்கியால் மெல்ல உள்ளே தள்ளி, புது பேடைப் பொருத்தினால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் ஒரு பக்கம் ஆகிவிடும்.

இப்போது இருக்கும் காரில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதை இழுத்தால், பின் காலிப்பரோடு சேர்ந்த சின்ன மோட்டார் சுழன்று, உள்ளே இருக்கும் திருகு வழியாகப் பிஸ்டனை நெருக்கும். புது பேடு தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டன் நன்றாக உள்ளே போக வேண்டும். அதற்கு அந்த மோட்டார் முழுதாகப் பின்வாங்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் திருகு கெட்டு, பிறகு காலிப்பரையே மாற்ற வேண்டி வரும். மோட்டாரைப் பின்வாங்க வைக்க 'சர்வீஸ் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் ஸ்கேனரில் இருக்கிறது. அந்த ஸ்கேனர் உங்கள் சர்வீஸ் சென்டரில் மட்டும் இருக்கிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி என்னிடம் உண்டு. இன்ஜின் கோளாறுக் குறியீடுகளைப் போனிலேயே காட்டும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் அது பொதுத் தரம். பார்க்கிங் பிரேக் பக்கம் போனால் ஒன்றும் திறக்கவில்லை. காரோடு கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்' என்ற ஒரே வரிதான் இருந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "வண்டியைக் கொண்டு வந்துடுங்க சார், நாங்களே மாத்திடறோம்" என்றார்கள். புது பேடு பெட்டியில் கிடக்க, தேய்ந்த பேடையே திரும்ப மாட்டி, அந்தப் பிரேக்கை நம்பி, லாரிகள் பறக்கும் பைபாஸில் ஓட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில், நான் வாங்கி வைத்திருந்த, கம்பெனி முத்திரை போட்ட அதே பேடை வெளியில் வாங்கியது என்று சொல்லிப் போட மறுத்துவிட்டார்கள். அவர்களிடமே இன்னொரு செட் வாங்கி, லேபர் கட்டி, ஸ்கேனர் போட்டதற்குத் தனியாக ஒரு தொகையும் கட்டினேன். பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்கிறீர்களே, அன்று அந்தச் சாலையில் என் பாதுகாப்பு யார் கையில் இருந்தது?

இந்தப் பூட்டு தேவைதானா என்றால், இல்லை. சில கார்களில் ஆக்சிலேட்டரை மிதித்தபடி பார்க்கிங் பிரேக் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் போதும், ஸ்கேனர் இல்லாமலே மோட்டார் பின்வாங்கிவிடும். ஐரோப்பாவில் 2007-லேயே விதி வந்துவிட்டது, பழுது பார்க்கும் தகவல்களைத் தனி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் இணையத்தில் தந்தாக வேண்டும். கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-லேயே சட்டம் வந்துவிட்டது, அங்கே கார் உரிமையாளருக்கும் அந்த உரிமை உண்டு. உங்களில் பலர் அந்த நாடுகளிலும் கார் விற்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் காரைத் தயாரிக்கிற நாட்டில், அதைக் கழற்றும் விவரம் மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

டூப்ளிகேட் ஸ்பேர் பெருகிவிடும் என்பது உங்கள் இன்னொரு வாதம். ஒரிஜினல் கவுன்டரில் கிடைக்காதபோதுதான் ஜனங்கள் டூப்ளிகேட்டைத் தேடிப் போகிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் புஷ் என்கிற சின்ன ரப்பர் வளையம் போய்விட்டால், புஷ் தனியாக வராது, முழு ஆர்மையும் வாங்குங்கள் என்கிறீர்கள். ஹெட்லைட்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக் காது உடைந்தால் முழு ஹெட்லைட். உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய முடியாத மனிதர் என்ன செய்வார்? கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓட்டுவார். எங்கள் தெரு மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். இன்று புது வண்டி வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு, "இது கம்பெனிக்குத்தான் போகணும்ணே" என்கிறார். அவர் தொழில் மறக்கவில்லை. நீங்கள்தான் அவர் கையிலிருந்து அதைப் பறித்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

அந்த 2014 உத்தரவும் ஒரே ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கியதுதான். 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். உதிரி பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யச் சொன்னது ஆணையம். வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. அப்பீல், தீர்ப்பாயம் என்று வருஷங்கள் ஓடின. 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பிரேக் பேடு மாற்ற நான் உங்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே மறுபடி கேட்கிறேன். சர்வீஸ் மேனுவலையும் ஸ்கேனர் மென்பொருளையும் கார் வைத்திருப்பவருக்கும் தெரு மெக்கானிக்குக்கும் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கட்டணம் வைத்துக் கொடுங்கள். ஒரிஜினல் ஸ்பேரைக் கேட்பவருக்குக் கவுன்டரில் விற்க டீலர்களுக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பின் பேடு மாற்றுவதற்கான சர்வீஸ் மோட் முறையை, ஒவ்வொரு மாடலுக்கும், தமிழிலும் மற்ற மொழிகளிலும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். இதற்குப் புது சட்டம் எதுவும் தேவையில்லை, நீங்கள் மனது வைத்தால் போதும். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள விரும்பும் ஒரு வாடிக்கையாளர்