சுவர் வழியாக வரும் சத்தத்துக்கு யார் கணக்குப் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்ககங்களில் சத்தத் தொல்லை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிபெருக்கி, பட்டாசு, நாய்க் குரைப்பு எல்லாம் இருந்தன. காற்றில் வராமல் கான்கிரீட் வழியாக வரும் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பஸ், லாரித் தகடுகளில் அதிர்வு எந்த வழியாக ஓடுகிறது என்று அளப்பதுதான் ஓய்வுபெறும்வரை என் பிழைப்பு. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் தண்ணீர் அழுத்தத்துக்கான பம்ப் இருக்கிறது. காலையில் ஆளாளுக்குக் குழாயைத் திறந்ததும் அது ஓடத் தொடங்கும். நேர் கீழே உள்ள படுக்கையறையில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். கட்டுநர் தரப்பிலிருந்து வந்தவர்கள் அறையின் கூரையில் ஸ்பாஞ்ச் பலகைகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பேச்சின் எதிரொலி குறைந்தது, உறுமல் குறையவில்லை. எப்படிக் குறையும்? அந்த அறையில் சத்தம் போடுவதே கூரைதான். அதிரும் கான்கிரீட்டை எடையே இல்லாத ஸ்பாஞ்ச் தடுத்து நிறுத்தாது.

நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடும் மோட்டார் தளத்தை நொடிக்கு 48 முறை தட்டுகிறது. அதன் மடங்குகளிலும் தட்டுகிறது. தளம் மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு அலையாக ஓடுகிறது. 150 மி.மீ. தளத்தில் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 300 மீட்டர். கான்கிரீட் தானாக அதைத் தணிப்பது மிகக் குறைவு, ஓர் அதிர்வுக்கு ஆறு சதவீத ஆற்றல் கரைந்தாலே பெரிது. சுவரும் தளமும் ஒரே கனத்தில் கூட்டல் குறிபோலச் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய 9 டெசிபல் குறையும். மூன்று பக்கம் மட்டும் சேரும் இடத்தில் 6 டெசிபல்கூட வராது. சுவர், தளம் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் ஊற்றும் மிவான் முறைக் கட்டடங்கள் இப்போது பெருகிவிட்டன. அங்கே அதிர்வுக்கு ராஜபாட்டைதான். இன்னொன்று: இந்தக் கனமுள்ள தளம் சுமார் 130 ஹெர்ட்ஸுக்கு மேல் நல்ல ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது. தன்னிடம் உள்ள அதிர்வைத் தாராளமாகக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

இதை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. இரும்புத் தகட்டுக்கு 1,000 ஹெர்ட்ஸுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட அதிர்வு வடிவங்கள், அதாவது அது இயல்பாக வளைந்து அதிரும் விதங்கள், உண்டு. ஒவ்வொன்றையும் துல்லியமாகக் கணிக்கப் புகுந்தால் ஒரு போல்ட்டின் இறுக்கம் மாறினாலே விடை மாறிவிடும். ராக்கெட் இரைச்சலில் தகடுகளும் கருவிகளும் என்ன பாடுபடும் என்ற கவலையில், 1960-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லயன் உள்ளிட்டோர் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு தகட்டையும் ஓர் ஆற்றல் இருப்பாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அதிர்வு வடிவத்துக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால், அது அதிகமாக உள்ள தகட்டிலிருந்து குறைவாக உள்ள தகட்டுக்கு, வெப்பத்தைப் போலவே, ஆற்றல் பாயும். எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு கரைகிறது, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு தாண்டுகிறது என்று வரவு செலவு எழுதினால் போதும். இதே அடிப்படையில் வீடுகளுக்கான கணக்கு, 2000-ல் முதல் பகுதி வெளியான ஈ.என். 12354 என்ற ஐரோப்பியத் தரநிலையில் இருக்கிறது.

50 ஹெர்ட்ஸ் பக்கம் இந்தக் கணக்கு தடுமாறும். படுக்கையறைத் தளம் ஒன்றுக்கு அங்கே இரண்டு மூன்று அதிர்வு வடிவங்கள்தான் இருக்கும், அதனால் சராசரிக்கு அர்த்தமில்லை. அங்கே தளத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து கம்ப்யூட்டரில் கணிப்பதே சரி. ஆனால் அதே முறையில் மெல்லிய தகட்டுக்கு 2,000 ஹெர்ட்ஸில் வண்ண வண்ணப் படம் காட்டி 'இங்கேதான் அதிர்கிறது' என்று யாராவது விரல் வைத்தால் நான் நம்ப மாட்டேன்.

சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. ஜெனரேட்டருக்குத் தனி விதி, கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75. எல்லாமே காற்றில், 'ஏ' எடையிட்ட அளவில், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டும் அளவில், பார்ப்பவை. அந்த எடையிடல் 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிடும். மீட்டர் 'பாஸ்' என்று காட்டும், மேல்மாடிப் பெரியவர் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருப்பார்.

எங்கள் பம்பின் அடியில் ரப்பர் அட்டை இருந்தது. ஆனால் அதிலிருந்து வெளியேறும் குழாய், இரும்புக் கிளாம்ப் போட்டுத் தளத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. ரப்பரைத் தாண்ட முடியாத அதிர்வு குழாய் வழியாக இறங்கிவிட்டது. நெகிழும் இணைப்பும் ரப்பர் வைத்த கிளாம்பும் மாட்டிய பிறகு அந்த வீட்டில் தூங்க முடிகிறது. கட்டும்போதே செய்திருந்தால் செலவென்று சொல்லவே ஒன்றுமில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ல் ஒலியியலுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பரிந்துரை என்ற அளவில் நின்றுவிடுகிறது. பம்ப், லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், உடற்பயிற்சிக்கூடம் உள்ள அடுக்ககங்களுக்கு, தளம் வழியாகப் பாயும் அதிர்வின் கணக்கையும் வரைபடத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று, கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வையும் டி.டி.சி.பி.யையும் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தின் அடியில் வைக்கும் ஸ்பிரிங் அதன் எடையில் எத்தனை மி.மீ. அமுங்கும் என்ற ஒரு எண்ணை எழுதச் சொன்னாலே பாதிப் பிரச்சினை வெளியே தெரிந்துவிடும். 25 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் அளவுதான். மோட்டாரின் அதிர்வெண் இதைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாகத்தான் அதிர்வு கீழே இறங்கும், எனவே 48 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு இது தாராளம்.

அதுவரை, வீடு வாங்கப் போகிறவர்கள் மாதிரி வீட்டைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். கட்டி முடித்த பிளாக் ஒன்றில், பம்ப் ஓடும் நேரத்தில், படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் சற்றே அதிர்வு தெரிந்தாலும், பம்பின் குழாய் எதில் இறுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற பொறியாளர்,
மேடவாக்கம், சென்னை.