85 மில்லிமீட்டர்

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. பேரனுக்குப் பதினெட்டு வயதானதும் ராணுவத்திடமிருந்து வினாப்படிவம் வந்ததாகவும், மருமகள் அன்றிலிருந்து சரியாக உறங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 2008 முதல் பிறந்த ஆண்பிள்ளைகள் படிவத்தை நிரப்புவது கட்டாயம் என்றாலும், படையில் சேர்வது இன்னும் அவரவர் விருப்பம்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆனால் கட்டாயச் சேவையை 2011இல் நிறுத்திவைத்த நாடே இப்போது வீடுதேடிக் கடிதம் அனுப்புகிறது என்னும்போது, அவருடைய அச்சம் வீண் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

உக்ரைன் போர் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவினால் அவர்கள் தாங்குவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பணத்துக்குக் குறைவில்லை. 2025 ஜூனில் தி ஹேக் நகரில் கூடிய நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள், 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்க இசைந்தன. அதில் ஒன்றரை விழுக்காட்டில் பாலங்களும் பாதைகளும் அடங்கும். எனக்கு அந்த ஒன்றரையின் மீதுதான் கண். ரயில்வேக்காரன் புத்தி, வேறென்ன!

ஜெர்மனி ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட கவசப் படைப்பிரிவு ஒன்றை 2027க்குள் லிதுவேனியாவில் நிலைநிறுத்த முனைந்திருக்கிறது. போலந்துவரை தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா ஆகிய பால்டிக் நாடுகளிலோ ஜார் மன்னர் காலத்திலிருந்து வந்த ரஷ்ய அகலம், இன்றைய கணக்கில் 1,520. லிதுவேனியாவின் கவுனாஸ்வரை 2015இல் ஐரோப்பிய அகலத்தில் ஒரு பாதை போட்டுவிட்டார்கள். அதற்கு வடக்கே லாட்வியாவுக்கோ எஸ்தோனியாவுக்கோ போகவேண்டுமானால் சரக்கை இறக்கித்தான் ஏற்றவேண்டும். மீட்டர் கேஜ் வேகனிலிருந்து பிராட் கேஜ் வேகனுக்கு மூட்டை மாற்ற நாம் இரவெல்லாம் யார்டில் நின்ற நாட்களை எண்ணிப்பாருங்கள்; அங்கே மாற்றவேண்டியது மூட்டையல்ல, 60 டன்னுக்கு மேல் கனக்கும் லெப்பர்டு டாங்கி. போதாக்குறைக்கு, போலந்திலிருந்து லிதுவேனியாவுக்குள் நுழைய இருக்கும் ஒரே தரைவழி, ரஷ்யாவின் தனித்த நிலப்பகுதியான கலினின்கிராடுக்கும் ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரஸுக்கும் நடுவில் சுமார் 65 கிலோமீட்டர் நீளும் சுவால்கி இடைவெளி. வார்சாவிலிருந்து தாலின்வரை திட்டமிட்டிருக்கும் ரயில் பால்டிகா பாதைக்கு 2030ஐ இலக்காகச் சொல்கிறார்கள். கேஜ் மாற்ற வேலைக்குக் கெடு சொல்வதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குண்டு உற்பத்தியின் கதையும் இதுவே. உக்ரைனுக்கு ஓராண்டில் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது பாதியளவே போய்ச்சேர்ந்திருந்தது.

ஆனாலும் பெரும்படை எல்லை தாண்டும் என்று நான் அஞ்சவில்லை. என் கவலையெல்லாம் சிறு உரசல்கள் பற்றித்தான். 2025 செப்டம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் நுழைந்தபோது சிலவற்றைப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. போலந்து நேட்டோ ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவின்படி கூட்டணியைக் கலந்தாலோசனைக்கு அழைத்தது; கிழக்கு எல்லையில் காவலைக் கூட்டியதோடு விஷயம் நின்றது. எல்லோரும் பேசுகிற ஐந்தாவது பிரிவுகூட, தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது; உடனே போரில் இறங்கு என்று கட்டளையிடவில்லை. அது இதுவரை நடைமுறைக்கு வந்ததும் ஒரே முறை, 2001இல் அமெரிக்கா தாக்கப்பட்டபோது. எவ்வளவு உரசினால் இவர்கள் திருப்பி அடிப்பார்கள் என்று எதிராளி போடும் கணக்கு ஒருநாள் பிசகிவிடலாம்; அப்படிப் பிசகினால், படை போய்ச்சேர ஆகும் நாட்களை அந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசமும் சேர்ந்துதான் முடிவுசெய்யும்.

பேரன் அந்தப் படிவத்தில் சேர விருப்பம் என்று எழுதினானா, இல்லை என்று எழுதினானா? மருமகளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
வேலாயுதம்