அம்மாவுக்கு, பர்மிங்ஹாமிலிருந்து

பர்மிங்ஹாம், அலபாமா
18.9.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. "கை உடைந்துவிட்டதா?" என்று அக்காவைவிட்டு எழுத வைத்திருக்கிறாய். கை நன்றாக இருக்கிறது, எழுதத்தான் வணங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா ஞாபகம் இருக்கிறதா? வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருவாரே, அவர்தான். இளவயதில் ஒன்பது வருடம் சின்ன லீகுகளில் பேஸ்பால் ஆடியவர். அவுட்ஃபீல்டர், அதாவது நம் பையன்கள் ஏரிக்கரையில் நிற்பதுபோல் தூரத்தில் நின்று பந்து பிடிப்பவர். பஸ்ஸிலேயே இளமை போயிற்று, பெரிய லீகுக்குக் கூப்பிடவே இல்லை. இந்தக் கோடையில் என்னை ஹூவர் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டே போனார். டிக்கெட்டுக்கு என்னைக் காசு எடுக்க விடுவதில்லை.

காரணம் மைக்கேல் ஜோர்டன். தம்பியைக் கேள், சொல்வான். கூடைப்பந்தில் உலகமே கொண்டாடிய ஆள், போன அக்டோபரில் அதை உதறிவிட்டு இங்கே பேரன்ஸ் அணியில் வலது மூலையில் நின்றார். பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே. மாதம் 850 டாலர்தானாம். அவருக்கு அது வெற்றிலைக் காசு; மற்றப் பையன்களுக்கு அதற்குள்தான் வயிறும் வாடகையும் என்கிறார் தாத்தா. (எனக்கு அந்தக் கவலை இல்லை. சனி, ஞாயிறு இரவில் ஒரு மோட்டலில் கணக்குப் பார்க்கிறேன், பொழுது போவதற்காக.)

127 ஆட்டம். 436 முறை மட்டை பிடித்து, உருப்படியாக அடித்தது 88. பந்தைச் சரியாகத் தொடாமலே திரும்பியது 114 தடவை. 31 வயதில் இந்த அவமானம் தேவையா என்று கேட்டேன். "அவன் அப்பா ஆசைப்பட்டார்" என்றார் தாத்தா. அந்த அப்பாவைப் போன வருடம் ஜூலையில் யாரோ கொன்றுவிட்டார்கள்.

ஜோர்டன் முதல் ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தது ஜூலை 30. மறுநாள் அவர் அப்பாவின் பிறந்தநாளாம். அன்று நான் மைதானத்தில் இருந்தேன். கையில் வழியில் வாங்கிய மல்லாட்டை. இந்த ஊரிலும் தோலோடு உப்புப் போட்டு அவிக்கிறார்கள், அம்மா! திண்டிவனம் பஸ் நிலையத்தில் அப்பா பொட்டலம் வாங்கித் தந்து, தோலை ஜன்னல் வழியாகப் போடாதே என்பாரே, அதே வாசனை. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். "பந்தைப் பார்த்தாயா?" என்றார் தாத்தா. பார்க்கவில்லை.

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு வராதது லீவு கிடைக்காததால்தான். பெரியப்பா வேறு ஏதாவது சொன்னால் நம்பாதே.

அவர் கேட்கிறார் என்று கொல்லைமேட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் வந்த பிறகு என்று சொல். சங்கக் கடனுக்கு 40 டாலர் டிராஃப்ட் வைத்திருக்கிறேன், மீதி தையில். தம்பியின் டியூஷன் பணத்தை இதிலிருந்து எடுக்க வேண்டாம், அதை அக்காவிடம் கேட்டு வாங்கு, நான் அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். ஐப்பசி மழைக்குமுன் பின்கட்டு ஓடுகளை மாற்றிவிடு.

மல்லாட்டை பறித்ததும் எத்தனை மூட்டை என்று எழுதச் சொல்.

உன் மகன்