8 வயது என்று விற்ற கிழக்குதிரை: பணம் வேண்டும், குதிரையைத் திருப்பித் தர மாட்டேன்

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
குதிரைப் பண்ணை மற்றும் விற்பனைப் பிரிவு,
சேலம்.

அனுப்புநர்:
ரசீதில் இருக்கும் அதே வாடிக்கையாளர்,
ஏற்காடு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஸ்டெல்லாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த ஸ்டெல்லா என்று தயவுசெய்து இன்னொரு முறை கேட்காதீர்கள். வலது காது நுனி பிளந்த செவலைப் பெட்டைக் குதிரை உங்கள் பண்ணையில் ஒன்றுதான் இருந்தது. 'ஃபேமிலி பேக்கேஜ்' என்று பெயர் வைத்து, சேணம், கடிவாளம், ஒரு மூட்டை கொள்ளு எல்லாம் சேர்த்து ரூ.85,000-க்கு எனக்கு விற்றீர்களே, அதே குதிரை. "வயது 8, நல்ல ஆரோக்கியம், சிறுவர் சவாரிக்கு ஏற்றது" என்று ரசீதில் எழுதி சீலும் போட்டுக் கொடுத்தீர்கள். போனில் சொன்னேன், வாட்ஸப்பில் எழுதினேன், நேரில் வந்து நின்றேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள் ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். இதையாவது யாராவது ஒருவர் கடைசி வரை படியுங்கள்.

என்ன கேட்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் எனக்குத் திரும்ப வேண்டும். குதிரை உங்களுக்குத் திரும்ப வராது. "அது எப்படிங்க ரெண்டும்?" என்று உங்கள் ஆபீசில் கேட்காதவர் பாக்கியில்லை. எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

வாங்க வந்த அன்று குதிரையை நிறுத்திக் காட்டியவர், "சுழி சுத்தம் மேடம், சுழி சுத்தம்" என்று, ராசி பார்க்கும் ரோமச் சுழிகளுக்காக நெற்றியையும் கழுத்தையும் தடவித் தடவிக் காட்டினார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து காட்டச் சொன்னபோது, "புது ஆள் கை பட்டா கடிச்சிரும்" என்று கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் தானம் வாங்க வரவில்லை, பேரம்கூடப் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தேன். சுழியை அத்தனை நேரம் காட்டியவருக்குப் பல்லை ஏன் காட்ட மனம் வரவில்லை என்று இப்போது புரிகிறது. உங்களுக்கு அப்போதே தெரியும்.

எங்களுடையது மூன்று அறை உள்ள சின்ன விடுதி. தங்க வரும் குடும்பங்களின் பிள்ளைகளை மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று ஏற்றிக் காட்டலாம் என்றுதான் வாங்கினோம். வந்த புதிதில் ஸ்டெல்லா நன்றாகவே நடந்தாள். அப்புறம் இடது முன்னங்காலை ஊன்றவே யோசித்தாள். இறக்கத்தில் இறங்கச் சொன்னால் நின்றுவிடுவாள். காலையில் லாயத்தைக் கூட்டினால் பாதி மென்ற வைக்கோல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கொள்ளு வாயோரமாக வழிந்து கீழே கொட்டும். முதலில் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். உங்கள் ஆளும் அதைத்தான் சொன்னார்: "கிளைமேட் மேடம், பழகிரும்." எதற்குப் பழகும்? பட்டினிக்கா?

கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்தார். கடிக்கவில்லை, பாவம், திறந்த வாயோடு அப்படியே நின்றாள். மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லில் ஒரு பள்ளக்கோடு இருக்கும் என்று அவர் காட்டினார். சுமார் 10 வயதில் ஈறை ஒட்டித் தொடங்கி, 15-இல் பல்லின் பாதி வரை இறங்கி, 20-இல் முழு நீளத்துக்கும் வருமாம். அதன் பிறகு மேலிருந்து அழிய ஆரம்பிக்குமாம். ஸ்டெல்லாவின் பல்லில் மேல்பாதியில் கோடே இல்லை. பற்கள் வேறு முன்னால் சாய்ந்து நீண்டிருக்கின்றன. பல்லை வைத்து வயதை வருஷக் கணக்காகத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் 20-க்குக் கீழே என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மொழுக்கென்று இருக்கின்றன, அரைக்க ஒன்றுமில்லை. கண்ணுக்கு மேலே விரல் பதியும் அளவுக்குக் குழி. முதுகு உள்வாங்கியிருக்கிறது. நீளமாக வளர்ந்த ரோமத்தைத்தான் நாங்கள் சதை என்று பார்த்திருக்கிறோம், கையை வைத்துத் தடவினால் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். முன்னங்கால் மூட்டு வீக்கம் பழசு, நேற்று இன்று வந்ததில்லை என்றும் சொன்னார். நொண்டும் குதிரைக்கு வலி மருந்து கொடுத்தால் ஓரிரு நாள் நன்றாக நடக்கும், ஃபீனைல்பியூட்டசோன் என்ற மருந்தை விற்பனை நேரத்தில் அதற்குப் பயன்படுத்துவது உலகத்தில் பழைய வித்தை என்றார். நீங்கள் கொடுத்தீர்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கொடுக்கவில்லை என்று எழுத்தில் தருவீர்களா?

இனி உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் அந்த மகானுக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், குரல் உங்களுக்குத் தெரியும். மருத்துவர் சொன்னதை எல்லாம் பொறுமையாக அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "வயசானா எல்லாருக்கும்தான் மேடம் பல்லு தேயும், உங்களுக்குத் தேயலையா?" பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். என் மருமகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா. இப்படி ஒரு பேச்சை என் மாமியார்கூட என்னிடம் பேசியதில்லை. அது கிடக்கட்டும். அவர் தெரியாமல் ஒன்றை ஒத்துக்கொண்டார், கவனித்தீர்களா? "வயசானா" என்றார். 8 வயதுக் குதிரைக்கு என்ன வயசாகிவிட்டது?

அடுத்து அந்த டெம்போ விஷயம். 'இன்ஸ்பெக்ஷன்' செய்தால்தான் ஃபைல் நகரும், குதிரையை நேரில் கொண்டு வாருங்கள் என்றது உங்கள் ஆபீஸ். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்ற முடியாமல் தடுப்பின் மேல் சாய்ந்து சாய்ந்து வந்தாள். என் வீட்டுக்காரர் பின்னாலேயே நின்று பிடித்துக்கொண்டு வந்தார், அவருக்கு முட்டிவலி. அடிவாரத்தில் தண்ணீர் காட்டி, ஏப்ரல் மாத சேலத்து வெயிலில் உங்கள் வாசலுக்கு வந்தால், "டாக்டர் இன்னைக்கு வரலைங்க, உங்களுக்குச் சொல்லலையா?" என்கிறார் கேட்டில் இருந்தவர். சொல்லவில்லை. நிழலுக்காவது உள்ளே விடுங்கள் என்றால், பர்மிஷன் இல்லையாம். குதிரைப் பண்ணையில் ஒரு குதிரையை உள்ளே விடப் பர்மிஷன் இல்லை! அந்தக் கேட்காரர் நல்ல மனிதர், அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். சாயங்காலமாக ஒருவர் பைக்கில் வந்தார். குதிரையைத் தொடக்கூட இல்லை. போனில் ஒரு போட்டோ எடுத்து, "மேலே அனுப்பறேன்" என்றார். அப்புறம், "குதிரையை இறக்கிட்டு ஒரிஜினல் ரசீதையும் குடுத்துட்டுப் போங்க, வேற குதிரை எக்ஸ்சேஞ்ச் தர்றோம்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் முழுசாக விளங்கியது. ஸ்டெல்லாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு வேற கஸ்டமர் இருக்காங்க மேடம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். டெம்போவைத் திருப்பச் சொன்னேன். திரும்ப அதே 20 வளைவு, இருட்டில்.

இப்போது புரிகிறதா, குதிரையை ஏன் தர மாட்டேன் என்று? நான் கொடுத்தால் அடுத்த வாரமே அவளுக்கு 7 வயதாகிவிடும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இவளைக் கொண்டுபோக உங்களுக்குத் தைரியம் வராது. மார்வாரி, கத்தியவாரி என்று குதிரை பார்த்துப் பழகியவர்கள் கூடும் இடம் அது. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் விரட்டிவிடுவார்கள். அதனால்தான் எங்களைப் போல் ஒன்றும் தெரியாத குடும்பங்களாகத் தேடி விற்கிறீர்கள். சுழி பேச்சு எடுபடும் இடத்தில் மட்டும் விற்பனை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. ஒரு நாள் ஏரிப் பக்கம் அவளை மெதுவாக நடத்திக்கொண்டு போனபோது, சவாரிக் குதிரை வைத்திருக்கும் ஒருவர் ஓடிவந்து காதைப் பிடித்துப் பார்த்தார். "அக்கா, இது ரோஜா! நான் ஸ்கூல் படிக்கறப்போ எங்க மாமா ஓட்டுன குதிரை" என்றார். அவருக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. கோடை விழா நாட்களில் காலையிலிருந்து இருட்டும் வரை ஆள் ஏற்றுவார்களாம். அப்போதும் சாது, இப்போதும் சாது. நீங்கள் பேரை மாற்றினீர்கள், வயதை மாற்றினீர்கள், காதை மாற்ற மறந்துவிட்டீர்கள்.

ஐயா, கிழக்குதிரையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குதிரை 25, 30 வருஷம் வாழும். உழைத்து முடித்த பிறகும் பல வருஷம் அதற்குத் தீனி வேண்டும், லாயம் வேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகாது, தெரியும். "வயது 20-க்கு மேல், சவாரிக்கு ஆகாது, பல் இல்லை, ஊற வைத்த தீனிதான் போட வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லி, அதற்குத் தகுந்த விலை வைத்து, வைத்துக் காப்பாற்றுகிறவர்களிடம் கொடுங்கள். நானே அப்படிக் கேட்டிருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. நீங்கள் செய்தது அதுவல்ல. அவள் முதுகில் இத்தனை காலம் யார் யாரோ சம்பாதித்தார்கள். கடைசிச் செலவு வரும் நேரத்தில் அதை என் தலையில் கட்டி, அதற்கு என்னிடமே 85,000 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். நான் பல்லைப் பார்க்கத் தெரியாதவள். அந்தக் காலை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் பிள்ளைகளைச் சுமக்கச் சொல்லியிருப்பேன். அவள் தடுமாறி ஒரு குழந்தை விழுந்திருந்தால்? நினைத்தால் இன்றும் தூக்கம் வரவில்லை.

இதையும் உங்கள் பல் மகானிடம் சொன்னேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தெரியுமா என்றேன். "போடுங்க மேடம், அம்பது ரூபா ஃபைன் கட்டிட்டுப் போறோம்" என்றார். சட்டம் நன்றாகவே படித்திருக்கிறார். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஏற்காட்டில் ஒரு தட்டு பஜ்ஜி அதைவிட அதிகம். ஆனால் அதே பிரிவில்தான், வயதாலோ நோயாலோ வேலைக்கு ஆகாத பிராணியை வேலை வாங்குவதும், பட்டினியாலோ கொடுமையாலோ வலியில் இருக்கும் பிராணியை விற்பனைக்கு வைப்பதும் குற்றம் என்று இருக்கிறது. 50 ரூபாயோ 5 ரூபாயோ, உங்கள் பண்ணையின் பெயர் அதில் ஏறும்.

அது போதாது என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷ அவகாசம் இருக்கிறது, எனக்கு அவசரமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு விவரம் கேட்டாயிற்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நிற்கவும் என் வீட்டுக்காரர் தயார், முட்டிவலியோடு.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். உங்களுக்கு நேரடியாக இது எதுவும் தெரிந்திருக்காது என்றுதான் இன்னும் நம்புகிறேன். கீழே இருப்பவர்கள் மறைத்திருக்கலாம். அதனால்தான் ஆணையத்துக்குப் போகும் முன் உங்களுக்கு எழுதுகிறேன். குதிரை விலை ரூ.85,000, டெம்போ வாடகை, மருத்துவச் செலவு, மூன்றுக்கும் பில் நகல் இணைத்திருக்கிறேன். இது தவிர இந்த சீசனே போய்விட்டது. குதிரை சவாரி என்று போர்டு வைத்துவிட்டு இல்லை என்று சொன்னதால் வந்த குடும்பங்கள் முகம் சுளித்தன, இனி ஏற்காட்டில் எங்கள் வாசலை ஒருவரும் மிதிக்கப் போவதில்லை, இருபது வருஷ நல்ல பெயர் நாசம். அதற்கு 3 லட்சம் கேட்டாலும் தகும். பில் தொகையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் அதை விட்டுவிடுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் காசோலையாக அனுப்புங்கள். வந்துவிட்டால் நன்றி சொல்லி ஒரு கடிதம் நானே எழுதுவேன். வராவிட்டால் அடுத்த தபால் ஆணையத்திலிருந்து வரும்.

குதிரையைக் கூட்டிப்போக வண்டி அனுப்ப வேண்டாம், கேட் திறக்க மாட்டோம். அவளுக்குத் தவிடும் ஊற வைத்து அரைத்த கொள்ளும் போட்டுக்கொண்டிருக்கிறோம், சவாரி கிடையாது. பேச வேண்டும் என்றால் நீங்களே பேசுங்கள். அந்தப் பல் மகானை மட்டும் போன் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு

பி.கு.: பேக்கேஜில் இலவசம் என்று கொடுத்தீர்களே சேணம், அதன் வயிற்று வார் முதல் வாரமே அறுந்துவிட்டது. அதற்குத் தனியாகப் புகார் எண் வாங்க வேண்டும் என்கிறார்கள். வாங்க மாட்டேன், இதையே வைத்துக்கொள்ளுங்கள்.