பாடியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களின் பழைய ஒலிப்பதிவுகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். படித்து முடித்ததும் இரண்டு விஷயங்கள் உறுத்தின. கட்டுரை முழுக்க, பாடல்களைப் பதிவு செய்து சேகரித்த ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும்தான் வருகிறார்கள். பாடியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அடுத்தது, இந்தப் பதிவுகளில் உள்ள இரைச்சலையும் பேச்சையும் இப்போது கணினியில் நீக்கிவிட்டு 'சுத்தமாக'க் கேட்கலாம் என்று எழுதியவர் மெச்சிக்கொள்கிறார். தமிழ்நாட்டில் வானொலி நிலையம் ஒன்றின் டேப் லைப்ரரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகள் குடும்பத்தோடு மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

லோமாக்ஸ்களைக் குறைத்துச் சொல்லவில்லை. 1933இல் முந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள தட்டுப்பதிவு மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போய் அங்கே கைதியாக இருந்த பாடகர் லெட்பெல்லியைப் பதிவு செய்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் ஆதரவு இருந்தது. சொந்தக் காசில் டேப் வாங்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போனவர்கள் கட்டுரையில் வரவே இல்லை.

மேக்ஸ் ஹன்டர் இந்த ஊர்க்காரர். குளிர்பதனச் சாதனங்கள் விற்கும் பயண விற்பனையாளர். மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களில் பரவிக் கிடக்கும் ஓசார்க் மலைப்பகுதிதான் அவர் சரக்கு விற்கச் சுற்றிய வட்டாரம். போகிற இடத்துக்கு ஸ்பூல் டேப் ரெக்கார்டரையும் கூடவே கொண்டுபோனார். 1956இலிருந்து 1976 வரை இப்படிச் சேர்த்தது ஏறத்தாழ 1,600 பாடல்கள். இசை படித்தவர் இல்லை, பல்கலைக்கழகத்துக்காரரும் இல்லை. ஆனாலும் பாடினவர் யார், எந்த ஊர், என்றைக்குப் பாடினார் என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் குறித்து வைத்தார். ஒரே பாட்டைப் பலர் வாயால் வாங்கினார். 'பார்பரா ஆலன்' என்ற கதைப்பாட்டை லண்டனில் கேட்டு மகிழ்ந்ததாக சாமுவேல் பீப்ஸ் 1666இலேயே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது கடல் தாண்டி வந்து இந்த மலைகளில் ஆளுக்கொரு விதமாகப் பாடப்பட்டது. இதில் எது 'சரியான' பாட்டு என்று ஹன்டர் பஞ்சாயத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். எங்கள் நிலையத்தில் இருந்திருந்தால், 'இது ஏற்கெனவே ஸ்டாக்கில் இருக்கிறது' என்று சொல்லி டேப்பை அழித்து மறு உபயோகத்துக்கு அனுப்பியிருப்போம்.

அந்த டேப்புகள் இன்று ஸ்பிரிங்ஃபீல்டு பொது நூலகத்தில் இருக்கின்றன. நூலகமும் இங்குள்ள பல்கலைக்கழகத்தின் இசைத் துறையும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டன. யாரும் காசில்லாமல் கேட்கலாம். பாடினபடியே எழுதிய வரிகளும் கூடவே இருக்கும். ஆர்கன்சாவின் ஆலி கில்பர்ட் பாட்டியைத் தேடிக் கேளுங்கள். துணைக்கு வாத்தியம் கிடையாது, அலங்காரம் கிடையாது. கொலையைப் பாடினாலும் காதலைப் பாடினாலும் குரல் ஏறாது, இறங்காது. முதலில் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. போகப் போகத்தான் கதை தானாக முன்னால் வந்து நிற்பது தெரிந்தது.

இனி அந்தச் 'சுத்தம்' பற்றி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா, வீட்டில் பிடில் வாசிக்க வருகிறவர்களையெல்லாம் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவராம். அப்பா காலமான பிறகு, நான் ஸ்பூல் டேப்போடு பழகினவள் என்று என் மகள் மூலம் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷினில் போடும் முன் ஒவ்வொரு ஸ்பூலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவினால் அது பழைய அசிடேட் டேப். இழுத்தால் பட்டென்று அறும். ஊடுருவாமல் கறுத்துத் தெரிந்தால் பாலியெஸ்டர். அது அறாது, ஆனால் 1970களிலும் 80களிலும் வந்த பாலியெஸ்டர் டேப்புகள் சிலவற்றில் வேறு நோய் உண்டு. காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகிவிடும். ஓடவிட்டால் டேப் கிறீச்சிடும். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாகப் பிசுபிசுப்பு அப்பும். தூளோடு பாட்டும் உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்டதை உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவர்களிடம் கொடுத்து 50 டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி வாங்க வேண்டும். சமையலறை ஓவனில் வைத்துப் பார்க்கக் கூடாது. அசிடேட் டேப்பை உலர்த்தவே கூடாது.

நல்ல நிலையில் இருந்தவற்றை ஓடவிட்டோம். அவருக்கு வேண்டியது பிடில் மட்டும். நடுவில் வரும் பேச்சையெல்லாம் வெட்டிவிடச் சொன்னார். அந்தப் பேச்சில்தான் வாசித்தவர் தன் பெயரைச் சொல்கிறார். அந்த மெட்டைத் தாத்தாவிடம் கற்றதாகச் சொல்கிறார். தந்திகளை வழக்கமான சுருதியில் இல்லாமல் வேறு மாதிரி முறுக்கிக் கட்டியிருப்பதைக் காட்டுகிறார். பெட்டியின் மேல் எழுதியிருந்ததோ ஊரும் வருஷமும் மட்டும். வெட்டியிருந்தால் ஆள் அனாமதேயமாகிப் போயிருப்பார். பின்னால் கேட்கும் நாய்க் குரைப்பையும் எடுக்க வேண்டாம் என்றேன். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு நாய் எது, வில் தந்தியில் உரசுகிற சத்தம் எது என்று பிரித்தறியத் தெரியாது. வேண்டுமானால் ஒரு பிரதியில் துடைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு தலை முதல் வால் வரை அப்படியே இருக்க வேண்டும்.

பகிர்வதால் என்ன ஆகும் என்பதற்கு ஹென்றி ரீட் ஒருவர் போதும். வர்ஜீனியாவின் கிளென் லின் என்ற சிற்றூரில் பிடில் வாசித்த முதியவர். 1966, 67இல் ஆலன் ஜபூர் என்ற ஆராய்ச்சி மாணவர் போய் அவரைப் பதிவு செய்தார். 1968இல் ரீட் இறந்துவிட்டார். ஜபூர் டேப்பைப் பூட்டி வைக்கவில்லை. மெட்டுகளைத் தானே கற்றுத் தன் குழுவோடு வாசித்தார். அவற்றில் சில இன்று நாடெங்கும் பிடில்காரர்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் வாசிக்கப்படுகின்றன. மூலப் பதிவுகளும் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ரீட் பெயரிலேயே இருக்கின்றன. பகிர்ந்தால் பாட்டு கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் இதைப் பார்க்கட்டும்.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1959இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் விறகு பிளந்துகொண்டே பாடிய கைதிகளை ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். முன்பாட்டுக்காரர் பெயர் ஜேம்ஸ் கார்ட்டர். 2000இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் அந்தப் பாட்டு இடம்பெற்று, அதன் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. லோமாக்ஸ் ஆவணக் காப்பகத்தினர் கார்ட்டரைத் தேடிப் போய், சிகாகோவில் முதுமையில் இருந்தவரைக் கண்டுபிடித்து 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். அவருக்குப் பாடின ஞாபகமே இல்லையாம்! பதிவோடு பெயர் இருந்ததால்தான் தேடவாவது முடிந்தது. பெயரில்லாத டேப்பில் பாடிய எத்தனை பேர் பங்கு யார் கைக்குப் போனதோ.

சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. 2018இல் இங்கே வந்த சட்டப்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 15க்கு முன்புவரை பதிவான ஒலிகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பதிப்புரிமைக் காப்பு உண்டு. பெரிய கம்பெனி இசைத்தட்டுக்கும் கொல்லைப்புறத்தில் எடுத்த டேப்புக்கும் ஒரே கணக்கு. டேப் அதுவரை தாங்காது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொன்னது இதுதான்: இப்போதே டிஜிட்டலில் ஏற்றிவிடுங்கள், வாசித்தவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பேசுங்கள், ஆளுக்கொரு பிரதி கொடுங்கள், அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு நூலகத்தில் சேருங்கள். முதலில் பேசிய குடும்பம் ஒரு பிரதி போதாது, பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டும் என்றதாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது ஆலி கில்பர்ட், ஆல்மேடா ரிடில், ஹென்றி ரீட், ஜேம்ஸ் கார்ட்டர் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். ஆல்மேடாவும் ஆர்கன்சாக்காரர்தான், லோமாக்ஸும் பதிவு செய்த குரல், கட்டுரையாளர் அவரையுமா விட வேண்டும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி ஊழியர்,
ஸ்பிரிங்ஃபீல்டு, மிசூரி.