அரையாண்டு விடுமுறைக் கடிதம்: மழைக்காலத்துச் சாப்பாட்டு டப்பா

அன்புள்ள பெற்றோருக்கும், நாள்தோறும் பேரப்பிள்ளைகளைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. அறிவியல் கண்காட்சியிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். மழை விடுமுறையால் விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்துவிட்டோம். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கைக்கு வரும்.

விடுமுறைக்கு முன் ஒரு விஷயத்தை உங்களிடம் மனம்விட்டுப் பேச நினைக்கிறேன். பிள்ளைகளின் மதியச் சாப்பாடு பற்றியது அது.

கார்த்திகையில் சில நாள்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு மாணவன் டப்பாவைத் திறந்ததும் மோர்மிளகாய் வாசனை எழுந்தது. புளிசாதம், அதன்மேல் நான்கு வடாம், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய், பையில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். “வாழைப்பழம் இல்லையா?” என்று கேட்டேன். “மழைக்காலத்தில் அம்மா தர மாட்டாங்க மிஸ், சளி பிடிக்கும்” என்றான். காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த டப்பாக்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. விடியற்காலை மழை, காய்கறி விலை ஏறிவிடுகிறது, கீரை சேறாக வருகிறது. கைக்கு எட்டுவது டின்னில் இருக்கும் வற்றல்தான். சித்திரை வெயிலில் உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைத்ததை, வியர்வையே இல்லாத மார்கழியில் சாப்பிடுகிறோம். யோசித்துப் பாருங்கள்: கோடையில் இளநீர், நுங்கு, தர்பூசணி, மோர் என்று பொட்டாசியம் என்ற தாது தானாகவே உடலில் சேர்கிறது, உப்பில் ஒரு பகுதி வியர்வையோடு போய்விடுகிறது. குளிர் வந்ததும் பழம் நிற்கிறது, மோர் நிற்கிறது, தண்ணீரும் குறைகிறது. உப்பு மட்டும் ஏறுகிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் இயல்பாகவே சற்று உயரும் பருவம் இது. உப்பைச் சிறுநீரில் வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் துணைநிற்கும் பொட்டாசியத்தை, இந்தப் பருவத்தில்தான் நாம் நிறுத்திவிடுகிறோம்.

என் அம்மாவின் ரத்த அழுத்தத்தை ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். சித்திரையில் மேல் அளவு 128 என்று இருப்பது மார்கழியில் 140-ஐத் தாண்டிவிடும். மாத்திரை அதேதான். பிள்ளையின் உடலில் இன்று பாதிப்பு ஒன்றும் தெரியாது. ஆனால் எவ்வளவு உப்பு ‘சரியான உப்பு’ என்று நாக்கு பழகுவது இந்த வயதில்தான். 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1988-இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வும் உப்பு கூடினால் அழுத்தம் கூடுவதையும், பொட்டாசியம் கூடினால் குறைவதையும் காட்டியது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட்டில் சோடியம் (உப்பில் உள்ள ஒரு பகுதி) என்று போட்டிருப்பதை, உப்பின் அளவு தெரிய இரண்டரையால் பெருக்குங்கள்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு.

எனவே இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளிலிருந்து சிப்ஸ், மிக்சர், நூடுல்ஸ் பாக்கெட்டுகளுக்கு வகுப்பறையில் இடமில்லை. கொண்டுவந்தால் அலுவலகத்தில் வாங்கிவைத்து மாலையில் உங்கள் கையில்தான் தருவோம். சென்ற மாதம் இரண்டு முறை டைரியில் எழுதி அனுப்பியும் பலர் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிட்டீர்கள். அது எனக்கு வருத்தம்தான்.

வற்றலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு வடாமுக்குப் பதில் ஒன்று போதும். அது இருக்கும் நாளில் ஊறுகாய் வேண்டாம். இப்போது கொய்யா மலிவு. பொங்கலை ஒட்டிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பனங்கிழங்கும் மொச்சையும் வந்துவிடும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பொட்டாசியம் அதோடு போய்விடும். சளியைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி, வாழைப்பழம் அல்ல; மதிய வேளையில் ஒரு பழம் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மருத்துவர் ஏதாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், எங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பொட்டாசியம் கூடுவதே ஆபத்து. பழமோ பொட்டாசியம் கலந்த உப்போ, மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இருட்டோடு எழுந்து, மழையில் நனைந்து, டப்பா ஆறுவதற்குள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் உங்கள் உழைப்பை நாள்தோறும் வாசலில் நின்று பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு பாட்டி பேத்தியின் பையில் அவித்த கிழங்கை வைத்துவிட்டு, “மிஸ்ஸுக்கும் ஒன்று கொடு” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கும், இந்தப் பருவம் முழுவதும் எங்களோடு ஒத்துழைத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்