பேயை வரையாமல் விடுங்கள்

ஆசிரியருக்கு,

திகில் கதைகளைக் காமிக்ஸாக்கும்போது பலரும் செய்யும் ஒரு தவறு என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. எடுத்த எடுப்பிலேயே பேயை முழுசாக வரைந்து காட்டிவிடுகிறார்கள், அப்புறம் பயம் எங்கே இருந்து வரும்?

செத்துப்போன மகன் ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறான் என்று ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நம்மைக் கலங்கடிப்பது அவன் முகம் இல்லை, தாழ்ப்பாளைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அம்மாவின் கை. அந்தக் கையை மட்டும் மூன்று கட்டங்களில், ஒரு வசனமும் இல்லாமல், வலப்பக்கத்தின் அடியில் வரையுங்கள். பக்கத்தைப் புரட்டினால்தான் கதவு திறக்க வேண்டும். சினிமாவில் இயக்குநர் கையில் இருக்கும் வேகம் இங்கே வாசகர் விரலில் இருக்கிறது, அவரே தயங்கித் தயங்கிப் புரட்டுவார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விட்ட வெள்ளை இடைவெளியில் நடப்பதையும் அவரேதான் கற்பனை செய்துகொள்கிறார்.

மூலக்கதையின் வரிகளை அப்படியே தூக்கிப் படத்தின் தலையில் ஒட்டுவதும் வேண்டாம். படம் அழுதுகொண்டிருக்கும்போது 'அவள் அழுதாள்' என்று எழுதுவானேன்?

அமெரிக்காவில் 1954-ல் வந்த காமிக்ஸ் விதிகள் 'ஹாரர்' என்ற சொல்லையே தலைப்பில் வைக்கக் கூடாது என்றன. தலைப்புக்கு அப்படி ஒரு தடை இல்லாத நாம், துக்கம் நிறைந்த திகில் கதைகளை ரத்தக் காட்சிகளாகச் சுருக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உங்கள் வார இதழில் இப்படி ஒரு கதையைப் பொறுமையாக, தொடராக வெளியிடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு காமிக்ஸ் வாசகர்